சின்னக் கோயிலைப் பெரிய கோயிலோடு சேர்த்தபோது

1

எங்கள் சின்னக் கோயிலைப் பூட்டி இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. டெல்லியின் ஜூன் மாதம் எப்படி இருக்கும் என்று ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதி விளங்கவைக்க முடியாது. பஸ் ஜன்னல் கம்பியைத் தொட்டால் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருக்கும். அப்படி ஒரு பஸ்ஸில் ஆபீஸிலிருந்து திரும்பும்போதுதான் போன வாரம் அந்தக் கட்டிடத்தைப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே பந்தல் மூங்கில்களும் சுருட்டிய ஜமக்காளங்களும் கூரைவரை அடுக்கியிருந்தன. கல்யாணங்களுக்குப் பந்தல் போடுகிற ஒரு பஞ்சாபிக்காரர் வாடகைக்கு எடுத்திருக்கிறார். பீடம் இருந்த இடத்தில் ஒரு பெரிய அண்டாவைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சிக்னல் விழுந்ததும் பஸ் நகர்ந்துவிட்டது.

அதைக் கோயில் என்று கத்தோலிக்கர்களான நாங்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். மற்றவர்களுக்கு அது புசா ரோட்டுக்குப் பின்னால், ஒரு நாலாவின் ஓரமாக நின்ற பழைய கிடங்கு. நாலா என்றால் இங்கே சாக்கடைக் கால்வாய். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மணி கிடையாது. ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு ஆணியால் தட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தமிழில் பூசை. வயதான தமிழ்ச் சாமியார் ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்து வைத்துவிட்டுப் போவார்.

நான் மணப்பாறைப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து பதினாறு வருஷம். என் வீட்டுக்காரர் அருளப்பன் ஒரு மத்திய அரசு ஆபீஸில் கிளார்க். நான் இன்னொரு ஆபீஸில் டைப்பிஸ்ட். கரோல் பாகில் ஒரு மாடியில் இரண்டு அறை வீடு. மகள் ஜெசிந்தாவுக்குப் பதின்மூன்று வயது, இங்கேயே பிறந்தவள். எங்களைப் போல ஆபீஸ் வேலைக்காரக் குடும்பங்கள் கோயிலில் ஒரு இருபது இருக்கும். மற்றவர்கள் நாலா ஓரத்துக் குடிசைகளில் இருந்தவர்கள். தென்னார்க்காட்டிலிருந்து கட்டிட வேலைக்கு வந்து, பிறகு ரோடு கூட்டுகிற வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனவர்கள். எமர்ஜென்சி காலத்தில் குடிசைகளில் பாதியை இடித்து ஜனங்களை லாரியில் ஏற்றி யமுனைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கினார்கள். மீதிப் பேர் இருந்தார்கள்.

கோயிலில் முன்னால் நாற்காலிகள், பின்னால் ஜமக்காளம். நாங்கள் நாற்காலியில் உட்காருவோம், அவர்கள் ஜமக்காளத்தில். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. யாரும் மாற்றவும் இல்லை.

2

பூட்டுவதற்கு மூன்று காரணங்கள் சேர்ந்து வந்தன. தமிழ்ச் சாமியார் முழங்கால் முடியாமல் ஊருக்கே திரும்பப்போவதாகச் சொன்னார். இடத்துக்காரர் காலி செய்யச் சொன்னார். ஏசியாட் விளையாட்டுக்காக ஊரையே தோண்டிப்போட்ட வருஷத்திலிருந்து குடிசைக்காரர்கள் இன்னும் குறைந்துகொண்டே வந்தார்கள். மேலிடத்திலிருந்து, அதாவது பிஷப் ஆபீஸிலிருந்து, கடிதம் வந்தது, இங்கிலீஷில். உங்கள் சமூகத்தைப் பக்கத்திலிருக்கும் பெரிய பங்கோடு, அதாவது பெரிய கோயிலோடு, இணைக்க யோசிக்கிறோம், அங்கே பூசை இங்கிலீஷிலும் இந்தியிலும் நடக்கிறது, உங்கள் ஜனங்களால் அதைப் பின்பற்ற முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள். முடியாது என்றால் வேறு ஏற்பாடு பார்க்கலாம் என்றும் கடைசியில் ஒரு வரி இருந்தது.

கோயில் கமிட்டி எங்கள் வீட்டில் கூடியது. ஐந்து பேர், ஐந்து பேரும் ஆபீஸ்காரர்கள். என் வீட்டுக்காரரும் ஒருவர். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன், குறிப்பெடுக்க. பேச்சு ரொம்ப நேரம் போகவில்லை. பெரிய கோயிலில் ஃபேன் இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருக்கிறது, நமக்கு ஒன்றும் கஷ்டமில்லை என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் அந்த ஜமக்காளத்து ஜனங்களைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்தார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்த ஊரில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தி தெரியாமலா இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸில் பதிலை டைப் செய்தேன். "எங்களுக்குக் கஷ்டமில்லை" என்பதுதான் கமிட்டி சொன்னது. அதை அப்படியே அடித்தபோது வாக்கியம் மொட்டையாகத் தெரிந்தது. வேறு தாள் செருகி, "எங்கள் மக்கள் அனைவரும் இங்கிலீஷையோ இந்தியையோ நன்றாகப் பின்பற்றக் கூடியவர்கள்" என்று இங்கிலீஷில் அடித்தேன். அனைவரும் என்ற சொல்லை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அது நானாகப் போட்டது. கமிட்டிக்காரர்கள் படித்துவிட்டு, ஸ்டெல்லாவின் இங்கிலீஷ் பிரமாதம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பாராட்டு இரண்டு நாள் எனக்கு இனித்தது.

அதன் நகல் ஒன்றைக் கோயில் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினோம். இரண்டு மாதத்தில் கடைசிப் பூசை. பீடத்துத் துணியை மடித்து வைத்தபோது பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. ஆனால் வெளியே வந்ததும், அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்குப் பஸ் பிடிப்பது என்றுதான் பேசிக்கொண்டோம்.

3

பெரிய கோயில் நிஜமாகவே பெரியது. கல் கட்டிடம், மைக், வழுவழுப்பான பெஞ்சுகள். பங்குச் சாமியார் ஃபாதர் லோபோ மங்களூர்ப் பக்கத்துக்காரர். அறுபது வயதிருக்கும், மெதுவாகப் பேசுவார். எங்களை வரவேற்று முதல் ஞாயிறே மைக்கில் இரண்டு வார்த்தை சொன்னார். பக்கத்து பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

பங்கில் சேர குடும்ப அட்டை எழுத வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், வீட்டு முகவரி. என்னுடையது ஊரிலிருந்து வர ஆறு வாரம் பிடித்தது. வந்ததில் என் பெயர் எஸ்தேல் என்று இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வந்த பிரெஞ்சுச் சாமியாரின் பழக்கம் அந்தக் கோயில் புத்தகத்தில் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. ஸ்டெல்லாவும் எஸ்தேலும் ஒரே ஆள்தான் என்று நானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். கோயில் ஆபீஸில் இருந்த அம்மாள் அதையும் ஃபைலில் குத்தி வைத்துக்கொண்டார்.

ஜெசிந்தா ஒரு மாதத்தில் அந்தக் கோயில் பிள்ளையாகிவிட்டாள். பாடகர் குழுவில் சேர்ந்தாள். கிட்டார் வாசிக்கிற பெண்களோடு சிநேகம். தமிழ் ஜெபம் அவளுக்கு எப்போதுமே முள்தான். சின்னக் கோயிலில் ஒரு தடவை சத்தமாகச் சொல்ல விட்டபோது, பாவங்களைப் பொறுத்தருளும் என்பதைப் பொறுக்கியருளும் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தாள். அன்றைக்குப் பிறகு அவள் வாயைத் திறந்ததில்லை. பெரிய கோயிலுக்கு வந்த பிறகு ஒரு நாள், "அச்சா ஹுவா மம்மி, இனிமே அந்த லம்பா லம்பா வேர்ட்ஸ் எல்லாம் வேண்டாம்ல?" என்றாள். நல்லதாய்ப் போயிற்று, அந்த நீள நீள வார்த்தைகள் இனி வேண்டாம் என்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும், வீட்டில் ஜெபமாலையை இங்கிலீஷில் சொல்ல நான்தான் முதலில் ஒத்துக்கொண்டேன். சீக்கிரம் முடியும் என்பது ஒரு காரணம்.

நாலா ஓரத்து ஜனங்கள் முதல் ஞாயிறு வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், குளித்து, பூ வைத்து, பின்வரிசை பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது ஞாயிறும் பார்த்த ஞாபகம். அதற்குப் பிறகு அவர்கள் வந்தார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. இதை நல்லவிதமாக எழுத வேறு வழி இருந்தால் எழுதியிருப்பேன்.

4

தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். படியேறி மூச்சு வாங்க ஒரு அம்மாள் வந்து நின்றார். சூசையம்மாள். சின்னக் கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பது அவர்தான். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எந்தத் திருநாளுக்கு எந்தப் பாட்டு என்பது அத்தனையும் மனப்பாடம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கட்டிட வேலையில் செங்கல் சுமந்து வலது தோள் இறங்கிப்போனவர். இப்போது நாலு பஞ்சாபி வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார்.

நாற்காலியைப் போட்டேன். அவர் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் குடித்தார். ஊர்க்கதை பேசினார். பிறகு சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே விஷயத்துக்கு வந்தார். போன பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணியது, அதற்குப் பிறகு பண்ணவில்லை. பண்ணாமல் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க மனசு வரவில்லை. அதனால் கோயிலுக்கே போகவில்லை. அந்தப் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் அப்படித்தான் நின்றுவிட்டார்கள். பாஸ்கா வருகிறது, இந்த வருஷம் விட்டுப்போனால் செத்தால் யார் பதில் சொல்வது?

"உங்களுக்கு இந்தி வருமே சூசையம்மா," என்றேன். சொல்லும்போதே எனக்குக் குரல் இறங்கியது.

"வரும்மா. பாத்திரத்துக்குப் பர்த்தன் வரும், தொடப்பத்துக்கு ஜாடு வரும், சீக்கிரத்துக்கு ஜல்தி வரும், நாளைக்கு வரமாட்டேன்னு சொல்ல வரும். மனசுல இருக்கிறது வரலியே."

ஒரு தடவை முயற்சி செய்தாராம். வரிசையில் நின்று பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்கால் போட்டாராம். ஃபாதர் இந்தியில் ஏதோ கேட்டார். இவருக்குத் தெரிந்த இந்தியில், தப்புச் செய்தேன் என்று மட்டும் சொல்ல முடிந்தது. என்ன தப்பு என்று சொல்ல வார்த்தை இல்லை. ஃபாதர் பொறுமையாகக் காத்திருந்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. சூசையம்மாள் எழுந்து வந்துவிட்டார்.

"நீ என்னோட வந்து சாமிக்கு இங்கிலீஷ்ல சொல்லணும்," என்றார்.

நான் திகைத்துப்போனேன். ஒருவருடைய பாவத்தை இன்னொருவர் கேட்கலாமா? அது எப்படி முடியும் என்று கேட்டேன். முடியுமா முடியாதா என்று சாமியைக் கேள், எனக்கு முடியும் என்றார் அவர். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

5

ஃபாதர் லோபோவைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். திருச்சபைச் சட்டத்தில் இடம் இருக்கிறது, மொழி தெரியாதவர் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் குருவைப் போலவே அந்த ஆளும் சாகும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்றார். முப்பத்து நாலு வருஷத்தில் தான் ஒரு தடவைகூட இப்படிச் செய்ததில்லை என்றும் சொன்னார். பிறகு, அந்த அம்மாள் எழுந்து போனது தனக்கு ஞாபகம் இருக்கிறது என்றார். குழம்பிப்போய் வந்த யாரோ என்று நினைத்துவிட்டதாகச் சொன்னபோது அவர் முகம் வாடியது.

புதன்கிழமை சாயங்காலம் பீடத்துக்குப் பின்னால் இருக்கிற உடுப்பு அறையில் மூன்று நாற்காலி போட்டார். சூசையம்மாள் வெள்ளைச் சேலை கட்டி வந்திருந்தார். நாற்காலி வேண்டாம் என்று முழங்கால் போட்டார். நான் எங்கே இருப்பது என்று தெரியாமல் நின்றேன். பிறகு நானும் பக்கத்தில் முழங்கால் போட்டேன்.

ஆரம்பிக்கும் முன் ஃபாதர் என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். "இவர் சொல்கிறார், இவர் செய்தார் என்று சொல்லாதே. அவர் நான் என்றால் நீயும் நான் என்று சொல். அவர் பேசுவதாகவே எனக்குக் கேட்க வேண்டும்."

அப்படியே செய்தேன். சூசையம்மாள் ஒவ்வொரு வாக்கியமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அதை நான் இங்கிலீஷில் சொன்னேன். அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத மாட்டேன், எங்கேயும் எழுத மாட்டேன். என்னைப் பற்றி எழுதலாம். நான், நான் என்று பத்துத் தடவைக்கு மேல் சொல்லியிருப்பேன். ஆபீஸில் தினமும் அடுத்தவர்கள் வாக்கியங்களைத்தான் அடிக்கிறேன், அவை விரலோடு போய்விடும். இது அப்படிப் போகவில்லை. நடுவில் ஒரு தமிழ்ச் சொல்லுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. அந்தச் சொல்லைச் சுற்றிச் சுற்றி விளக்கினேன். ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வேகமாக அடிக்கிற இங்கிலீஷ் என்னிடம் எவ்வளவோ இருந்தது. ஒரு மனுஷி தன்னைப் பற்றிச் சொல்கிற இங்கிலீஷ் என்னிடம் கொஞ்சம்தான் இருந்தது.

ஃபாதர் சொன்ன புத்திமதியைத் தமிழில் சொன்னேன். சூசையம்மாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஃபாதர் பாவப் பொறுத்தலைக் கொடுத்தபோது எங்கள் இருவரின் தலைகளும் ஒரே உயரத்தில் குனிந்திருந்தன.

6

வெளியே வந்து கோயில் படியில் உட்கார்ந்தோம். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சூசையம்மாள் முகம் லேசாகியிருந்தது. எனக்குப் பாரம் கூடியிருந்தது. இத்தனை கேட்ட பிறகு என்னுடையதை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார முடியவில்லை.

சொன்னேன். கமிட்டி கூடியது, நான் கடிதம் அடித்தது, யாரையும் கேட்காமல் அனைவருக்கும் புரியும் என்று போட்டது. அப்படிப் போடாமல் இருந்தால் தமிழுக்கு ஏதாவது வழி செய்திருப்பார்கள் என்பதையும் மறைக்கவில்லை. சொல்லி முடிக்கும்வரை அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்மா," என்றார்.

கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்கே ஜெசிந்தாவைக் கேட்டாராம். அவள் அவளுக்குத் தெரிந்த அரைத் தமிழில் படித்துச் சொன்னாளாம். எல்லாருக்கும் இந்தி தெரியும், இங்கிலீஷ் தெரியும், ப்ராப்ளம் இல்லை, அம்மாதான் டைப் பண்ணினாங்க என்று.

"தெரிஞ்சுமா என்கிட்ட வந்தீங்க?"

"வேற யாருகிட்டப் போறது? எங்களுக்காவ எழுதினவ நீதானே. பேசவும் நீயே வான்னு வந்தேன்." பிறகு, "முதல்ல கோவம் இருந்துச்சு. ரொம்ப இருந்துச்சு," என்றார்.

இப்போது இல்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ் வந்தது. ஏறும்போது, தன் பக்கத்தில் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள், பாஸ்காவுக்கு முன்னால் அவர்களுக்கும் வரவேண்டும் என்றார். வந்தேன். புதன், வெள்ளி என்று ஆறு சாயங்காலம் அந்த உடுப்பு அறையில் ஆறு பேருக்கு நான் என்று சொன்னேன். முதல் ஆளுக்கு இருந்த பயம் குறைந்தது, பாரம் குறையவில்லை. ஏழு பெண்களின் மனசை நான் சுமக்கிறேன் என்பது அந்த ஏழு பேருக்கும் தெரியும். ரோட்டில் என்னைப் பார்த்தால் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு போனாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இது ஒரு வழியே தவிர, நிரந்தர ஏற்பாடாக இருக்க முடியாது என்று எனக்கு உறைத்தது.

பாஸ்கா முடிந்த வாரம் நாலா ஓரத்துக்குப் போனேன். கூட ஜெசிந்தாவையும் கூட்டிப் போனேன், வரமாட்டேன் என்றவளை. மாதம் ஒரு தரமாவது தமிழில் பூசையும் பாவசங்கீர்த்தனமும் வேண்டும் என்று பெண்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். சொல்லாததை எழுதவில்லை. டைப் அடித்துக் கொண்டுபோய் ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்கினேன். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார்கள். உங்கள் கோயிலில் எங்களுக்கு என்று நான் எழுதியிருந்ததை, நம்ம கோயில்ல என்று போடு என்றார் சூசையம்மாள். ஜெசிந்தா ஒவ்வொருவர் கட்டைவிரலையும் பிடித்து மையில் வைத்து எடுத்தாள். கைநாட்டு வைத்தவர்களின் பெயர்களை அவள்தான் எழுதினாள், இங்கிலீஷ் எழுத்தில். சூசையம்மாள் என்பதை எப்படி எழுதுவது என்று அவரிடமே கேட்டு, அவருக்கும் தெரியாமல், இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஃபாதர் லோபோ கடிதத்தை மேலே அனுப்பினார். மேலே மெதுவாகத்தான் நகர்ந்தது. ஒரு தடவை ஞாபகப்படுத்தவும் வேண்டியிருந்தது. டெல்லியில் மேல்படிப்புப் படிக்க வந்திருக்கிற இளம் தமிழ்ச் சாமியார் ஒருவர் கிடைத்தார். மாதக் கடைசி ஞாயிறு, மாலை நாலரை மணி. பெரிய கோயிலிலேயே.

7

போன ஞாயிறுதான் முதல் தடவை. அனல் காற்றில் நாலரை மணிக்கு யார் வருவார்கள் என்று பயந்தேன். நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். யமுனைக்கு அந்தப் பக்கம் போனவர்களில் இரண்டு குடும்பம் எப்படியோ கேள்விப்பட்டு மூன்று பஸ் மாறி வந்திருந்தது. பாடகர் குழு இல்லை, சூசையம்மாள் எடுத்துக் கொடுத்தார். ஜெசிந்தா பாடவில்லை. எழுந்து போகவுமில்லை.

பூசைக்கு முன்னால் சாமியார் கூண்டில் உட்கார்ந்தார். வரிசையில் முதல் ஆள் சூசையம்மாள். அவர் எழுந்ததும் பழக்கத்தில் நானும் எழுந்துவிட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ உக்காரும்மா," என்றார்.

உட்கார்ந்தேன். அவர் போய் முழங்கால் போட்டார். திரைக்கு வெளியே அவர் பாதங்கள் மட்டும் தெரிந்தன, வெடித்த குதிகால்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் நின்றவர்கள் கால் மாற்றி நின்றார்கள். ஒரு தடவை சாமியார் மெல்லச் சிரித்த சத்தம் கேட்டது. சூசையம்மாளும் ஏதோ பதில் சொன்னார்.

ஜெசிந்தா என் காதருகில் குனிந்து, "மம்மி, ஆன்ட்டி இவ்ளோ நேரம் என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். சொன்ன பிறகு, கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வெகுநாளைக்குப் பிறகு பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.